ஒரு நூல் பிசகிய மனு

பெறுநர்: நாட்டின் எடைக்கும் அளவுக்கும் காவல் நிற்கும் மேலதிகாரி அவர்கள்
அனுப்புநர்: மொட்டைமாடியிலும் கார் நிறுத்துமிடத்திலும் ஞாயிறுதோறும் தச்சு வேலை பார்க்கும் சம்சாரிகள்
பொருள்: ஆடும் ஸ்டூல்களுக்குப் பொறுப்பு யார் என நிர்ணயிக்கக் கோருதல் தொடர்பாக
பார்வை: 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம், பிரிவு 11
இணைப்பு: ஸ்டூல் ஒன்று (ஒரு காலுக்கு அட்டை மடித்து வைத்துக்கொள்ளவும்)

ஐயா,

நாங்கள் வயிற்றுப்பாட்டுக்கு வங்கியிலும் பள்ளியிலும் கணினி முன்னாலும் உட்கார்ந்துவிட்டு, வாரம் ஒருநாள் இழைப்புளி பிடிப்பவர்கள். எங்களைப் பார்த்துப் பரம்பரை ஆசாரிகள் சிரிப்பதில்லை, அவர்களுக்கு வேலை இருக்கிறது. வீட்டில் இருப்பவர்கள்தான் சிரிக்கிறார்கள். கை சரியில்லை என்று அவர்கள் சொல்வதை நாங்கள் வன்மையாக மறுக்கிறோம். கையில் கோளாறு இல்லை, அளவில்தான் கோளாறு. அளவு தங்கள் இலாகா.

1956-இல் சட்டம் போட்டு, 1958 அக்டோபரில் மெட்ரிக் எடைகளைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தீர்கள். வீசையும் பலமும் போயின. துணிக்கடைக்காரர் கஜக்கோலைப் பரணில் போட்டுவிட்டு மீட்டருக்கு மாறினார். இந்தச் செய்தி போன நாளில் மரக்கடைக்கு மட்டும் விடுமுறை போலும். குறித்த அலகுகளைத் தவிர வேறு எதிலும் விலை சொல்லவோ, விலைப்பட்டியல் வைக்கவோ, ரசீது எழுதவோ கூடாது என்கிறது தங்கள் பிரிவு 11. அதை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறோம். உள்ளே விலை கன அடிக்கு.

கணக்கு இப்படி: அகலம் அங்குலத்தில், கனம் அங்குலத்தில், நீளம் அடியில். மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். 4 அங்குல அகலம், 2 அங்குலக் கனம், 6 அடி நீளம் என்றால் மூன்றில் ஒரு கன அடி. கணக்காசிரியை ஒருவர் எங்கள் கூட்டத்தில் இருப்பதால் இதுவரை பிழைத்தோம். ஆனால் அறுத்து வந்த 2 அங்குலத்தை இழைத்துச் சீராக்கினால் மிஞ்சுவது ஒன்றேமுக்காலை ஒட்டித்தான். காசு கொடுத்தது இரண்டுக்கு. மிச்சக் கால் அங்குலம் சுருள் சுருளாகப் பக்கத்து வீட்டு வடகத்தின் மேல் விழுகிறது.

முழு மரத்துக்கு வேறு சாஸ்திரம். சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்குவது. எட்வர்ட் ஹாப்பஸ் என்ற ஆங்கிலேயர் 1736-இல் இதற்கு வாய்ப்பாடு போட்டு வெளியிட்டார். இந்த வழியில் உருண்டை மரத்தின் உண்மைக் கன அளவில் சுமார் 78.5 விழுக்காடுதான் கணக்கில் ஏறும். மீதி, அறுப்புச் சேதாரம் என்று வாங்குபவருக்கு விட்டுக்கொடுத்தது. அறுத்த பலகையாக வாங்கும் எங்களிடம் அந்தத் தாராளம் வந்து சேர்வதில்லை. பட்டையோடு அறுவை மில்லிலேயே தங்கிவிடுகிறது.

பிளைவுட்டுக்கு வருவோம். நீளமும் அகலமும் அடியில், 8-க்கு 4. கனம் மில்லிமீட்டரில், 18. விலை சதுர அடிக்கு. ஒரே பலகையில் இரட்டை ஆட்சி. ஸ்க்ரூவோ கூட்டணி ஆட்சி. கடையில் ‘35-க்கு 8’ என்று கேட்க வேண்டும். 35 என்பது மில்லிமீட்டரில் நீளம். 8 என்பது மில்லிமீட்டரும் இல்லை, அங்குலமும் இல்லை. அது கேஜ் எண், தடிமன் சுமார் 4.2 மில்லிமீட்டர். எங்கள் வங்கி மேலாளர் அரசை நம்பி 8 மில்லிமீட்டரில் துளை போட்டார். அவருடைய புத்தக அலமாரி இப்போது நூல்கயிற்றில் நிற்கிறது.

அடுத்தது மேஜை டிராயர். ‘18 இன்ச் சேனல்’ என்று வாங்கி வந்து அளந்தால் 450 மில்லிமீட்டர். சட்டப்படி 18 அங்குலம் என்பது 457.2. பக்கத்துக்கு அரை அங்குலம் இடைவெளி விடச் சொன்னார்கள், அதாவது 12.7. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவருக்குத் தசமப் புள்ளி பிடிக்காது. 12 விட்டார். டிராயரைச் சுத்தியலால் தட்டி உள்ளே அனுப்பினார். அது இன்னும் வெளியே வரவில்லை. ரேஷன் கார்டு அதற்குள் இருக்கிறது.

இத்தனைக்கும் மேலே ஆசாரிகளின் அளவான நூல். 8 நூல் ஓர் அங்குலம், ஆக ஒரு நூல் 3.175 மில்லிமீட்டர். “கதவு சட்டத்துல இடிக்குதா? ரெண்டு நூல் இழைச்சு விடுங்க சார்” என்று ஆசாரி போனில் சொன்னதைக் கேட்டு, மென்பொருள்காரர் இரண்டு மில்லிமீட்டர் இழைத்தார். ஐப்பசி மழையில் ஈரம் குடித்த மரம் குறுக்குவாக்கில் உப்பிக்கொண்டது. கார்த்திகை தீபம் வரை அவருடைய அலமாரி திறக்கவில்லை.

டேப்பின் முனைக் கொக்கி ஆடுவதைக் கண்டு, தரக்குறைவான சரக்கென்று தட்டி இறுக்கியவரும் எங்களில் உண்டு. அந்தக் கொக்கி ஆடத்தான் வேண்டும். தன் கனத்தின் அளவுக்கு முன்னும் பின்னும் நகர்ந்தால்தான் உள்ளளவும் வெளியளவும் ஒத்துப்போகும். இதை எந்தக் கடையிலும் சொல்லவில்லை. அவர் செய்த சாமிப் படச் சட்டங்களுக்குள் இப்போது எந்தச் சாமியும் அடங்குவதில்லை.

மில்லிமீட்டருக்கு முழுதாக மாறினால் மனையடி சாஸ்திரம் கோபித்துக்கொள்ளும் என்ற அச்சம் தங்களுக்கு இருக்கலாம். அடிக்கு அடி பலன் சொல்லும் அந்த சாஸ்திரம் 244 சென்டிமீட்டருக்கு வாய் திறக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் நாங்கள் கட்டுவது வீடு அல்ல, வெறும் ஸ்டூல். அதற்கு வேண்டிய ஒரே பலன், உட்கார்ந்தவர் விழாமல் இருப்பது.

ஆகவே கருணைகூர்ந்து இரண்டில் ஒன்று செய்யுங்கள். பிரிவு 11-ஐ மரக்கடை வாசற்படி தாண்டி உள்ளே அனுப்புங்கள். அது முடியாதென்றால், நூலை அரசிதழில் வெளியிட்டு, ஹாப்பஸுக்கு ஒரு சிலை வையுங்கள். பீடத்தின் அளவை நாங்கள் எடுத்துத் தர மாட்டோம்.

பகடி போகட்டும். உண்மையில் நாங்கள் கேட்பது சிறியது. கடைக்காரர் கன அடியிலேயே வாயால் விலை பேசினால், பிரிவு 11 மறுத்தாலும், நாங்கள் கண்டுகொள்ளவில்லை. ரசீதில் மட்டும் பலகையின் நீளம், அகலம், கனம் மூன்றையும், கையில் அளந்தபடி, மில்லிமீட்டரில் எழுத வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. இருக்கிற சட்டத்தை ஒருமுறை மரக்கடைக்கு அழைத்துப் போனால் போதும்.

இப்படிக்கு,
ஞாயிற்றுக்கிழமைத் தச்சர்கள்