பணியாளர் எண் திருத்தம்: ஓர் இலக்கண விசாரணை

சம்பள மென்பொருளில் பணியாளர் எண் கெட்டுப்போவது ஏன் என்ற கேள்வியைத் தமிழ்ப் புலமையுலகம் கண்டுகொள்ளவே இல்லை. இத்தனைக்கும் கருவி கையிலேயே இருக்கிறது. சொல்லோடு சொல் சேரும்போது தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று விகாரம் நேரும் என்று நன்னூல் வகுத்துவிட்டது. அதை இயற்றிய பவணந்தியார் எக்ஸெல் பார்த்ததில்லை. ஆனாலும் பிஎஃப், இஎஸ்ஐ கட்டக் கடைசி நாளான 15-ஆம் தேதி நெருங்க நெருங்க, திருப்பூர் பனியன் கம்பெனிகளின் கணக்குப் பிரிவில் நடப்பதெல்லாம் அவர் சொன்னபடிதான் நடக்கிறது.

முதலில் தோன்றல். பிஎஃபுக்கான யூஏஎன் 12 இலக்கம். திரையிலும் 12-தான் தெரிகிறது. மென்பொருளோ ‘செல்லாத எண்’ என்கிறது. லென் சூத்திரம் போட்டால் 13 வரும். வால்பக்கம் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டிரிம் போட்டால் போய்விடும். இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்த வெற்றிடமாக இருந்தால் போகாது. அதன் உள்குறியீடு 160, டிரிமுக்கு அடங்காத பிறவி. அதைத் தனியாகத்தான் களையெடுக்க வேண்டும்.

திரிதலாவது, பூஜ்யம் ஆங்கில ‘ஓ’வாக மாறுவதும் ‘ஓ’ பூஜ்யமாக மாறுவதும். பான் எண்ணில் இதற்கு மருந்து சுலபம்: முதல் 5 எழுத்து, அடுத்த 4 இலக்கம், கடைசி ஒன்று எழுத்து. எது எங்கே வரலாம் என்பதை இடமே சொல்லிவிடும். தனிநபர் என்றால் நான்காவது எழுத்து ‘பி’. ஐந்தாவது, குடும்பப் பெயரின் முதலெழுத்து. இங்கேதான் தமிழர்கள் மென்பொருளை மூச்சுத் திணற வைக்கிறார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில் ஒருவர் அப்பா பெயரை எழுதினார், இன்னொருவர் தன் பெயரையே எழுதினார். ஐந்தாம் எழுத்தைப் பெயரோடு ஒப்பிட்டு, சரியான பான் எண்ணைத் தள்ளிவிடுகிற மென்பொருளைத்தான் முதலில் திருத்த வேண்டும் என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

கெடுதலே பெருநோய். 0047 என்று அடித்து எண்டர் தட்டினால் எக்ஸெல் 47 என்று காட்டும். முன்னால் நிற்கும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று அதற்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். 12 இலக்க யூஏஎன் 1.01E+11 என்று சுருண்டுகொள்ளும். அதுவரைக்கும் பயமில்லை, உள்ளே எண் பத்திரமாக இருக்கும். பதறிப்போய் அப்படியே சிஎஸ்வி-யாகச் சேமித்தால் சுருண்டதுதான் கோப்புக்குப் போகும். இஎஸ்ஐ-யில் நிறுவனத்தின் எண் 17 இலக்கம். எக்ஸெலின் நினைவு 15 இலக்கத்தோடு சரி. மீதி இரண்டும் பூஜ்யமாகிவிடும். அதன்பின் கட்டத்தை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றுவது, ஓடிப்போன மாட்டுக்குக் கயிறு வாங்குவது. அடிப்பதற்கு முன்பே மாற்ற வேண்டும், இல்லையேல் முன்னால் ஓர் ஒற்றை மேற்கோள் இட வேண்டும்.

பக்கத்து இலக்கங்கள் இடம் மாறுவதும் உண்டு. ‘இல்முன்’ என்பது ‘முன்றில்’ ஆனதைப் போல இலக்கணப்போலி என்று மன்னிக்க வருமான வரித் துறைக்கு மனம் வராது. ஆதாரில் இந்தத் தப்பு உடனே பிடிபடும். டச்சுக் கணிதர் வெர்ஹோஃப் 1969-இல் வெளியிட்ட சரிபார்ப்பு முறைப்படி அமைந்ததுதான் அதன் கடைசி இலக்கம்.

இதுவரை சொன்னவை எல்லாம் மென்பொருளே முறைத்துக் காட்டும் பிழைகள். அது புன்னகைக்கும் பிழை வேறு. மாரிமுத்து மகள் எம். செல்வி தையலில், முனுசாமி மகள் எம். செல்வி செக்கிங்கில். இருவர் யூஏஎன்னும் இடம் மாறி ஏறியிருக்கிறது. இலக்கம் சரி, பெயர் சரி, கோப்பும் ஏறிவிட்டது. ஒருத்தி காசு இன்னொருத்தி கணக்கில் மாதாமாதம் விழுகிறது. இதற்குச் சூத்திரம் கிடையாது. தையல் மெஷின் பக்கம் போய், “ஏனுங்க அக்கா, உங்க அப்பா பேரு என்னங்க?” என்று கேட்டால்தான் உண்டு. இவ்விகாரத்துக்கு நன்னூல் பெயர் வைக்கவில்லை. கணக்குப் பிரிவு வைத்திருக்கிறது. அச்சில் ஏற்ற முடியாது.