பரிசலுக்கு எத்தனை ஸ்டார்?

கேள்வி: புதுப் படகு வந்தால் வெளிநாட்டுப் பத்திரிகைகள் அக்குவேறு ஆணிவேறாக அலசி எழுதுகின்றனவாமே, நிஜமா?
- ஒரு வாசகர், பென்னாகரம்

பதில்: அலசுவது நிஜம்தான். வேகம், எரிபொருள் செலவு, இன்ஜின் இரைச்சல், திரும்பும் லாகவம் என்று ஒன்றுவிடாமல் அளந்து எழுதுவார்கள். ஆனால் ஓட்டிப் பார்க்கப் படகைக் கொடுப்பவர் பெரும்பாலும் அதை விற்பவர். நாலு பக்கம் தள்ளினால் அதே கம்பெனியின் முழுப்பக்க விளம்பரம் சிரிக்கும். சம்பந்தி வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு சாம்பாரில் உப்பில்லை என்று யார் சொல்வார்? ஐந்தாம் வருஷம் அடித்தட்டு என்ன கதியில் இருக்கும் என்பது வாங்கியவருக்குத்தான் வெளிச்சம்.

அது கிடக்கட்டும், உங்கள் தாலுகாவிலேயே இருக்கும் ஒகேனக்கல் பரிசலை எந்தப் பத்திரிகை டெஸ்ட் டிரைவ் செய்தது? மூங்கில் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, அந்தக் காலத்தில் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும். முன்பக்கம், பின்பக்கம் என்ற பேதமே கிடையாது. இன்ஜின் சத்தம் பூஜ்யம். நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று திரும்பும், தலைசுற்றல் இலவசம். பார்க்கிங் கவலையும் இல்லை, கவிழ்த்துத் தலையில் தூக்கிக்கொண்டு போய்விடலாம். சோதிப்பவர் பரிசல்காரர். பிசகினால் முழுகப்போவதும் அவரே என்பதால் விமர்சனத்தில் தாட்சண்யம் இருக்காது. அவருக்கும் மேலே காவிரி: பிலிகுண்டுலு நீர் அளவீட்டு நிலையத்தில் நீர்வரத்து எகிறினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போட்டுவிடும்.

தடை இல்லாத நாளாகப் பார்த்து நீங்களே ஏறி, விமர்சனம் எழுதி அனுப்புங்கள். லைஃப் ஜாக்கெட் கட்டாயம்!