மல்லாக்கப் போட்ட மகராசர்கள்

கனடாவின் ராக்கி மலையில் பர்ஜெஸ் ஷேல் என்றொரு பாறை. 50 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அது கடலடிச் சேறு. அந்தச் சேறு திடீரெனச் சரிந்து, மேய்ந்துகொண்டிருந்தவை, கடித்துக்கொண்டிருந்தவை எல்லாவற்றையும் ஒரே அமுக்காக அமுக்கிவிட்டது. ஓடு மட்டுமல்ல, கண், குடல்கூட அப்படியே பதிந்துவிட்டன. செத்தும் கெடாத பிராணிகள். மானம் கெட்டது அதற்கப்புறம்தான்.

1909-இல் சார்லஸ் வால்காட் வந்தார். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவர், லேசுப்பட்ட ஆளில்லை. அங்கிருந்து 65,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளை அள்ளினார். ஒவ்வொன்றையும் ஏற்கெனவே தெரிந்த குடும்பங்களின் ரேஷன் கார்டில் சேர்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்.

அனோமலோகாரிஸ் அந்தக் கடலின் ரவுடி. அதன் முன்கையை மட்டும் பார்த்த ஒருவர் 1892-இலேயே ‘விசித்திர இறால்’ என்று பெயர் வைத்திருந்தார். அதே வகையறாவின் வாய் தனியாகக் கிடைத்தபோது வால்காட் அதை ஜெல்லிமீன் என்றார். உடம்பைக் கடல் வெள்ளரி என்றார். ஆக, ஒரு ரவுடி மூன்று அப்பாவிகளாக நடமாடினான். 1985-இல்தான் ஆய்வாளர்கள் விட்டிங்டனும் பிரிக்ஸும் மூன்றையும் ஒட்டவைத்தார்கள்.

இதே விட்டிங்டன் 1972-இல் ஆக்ஸ்ஃபோர்டில் அதே பாறையில் கிடைத்த ஓபாபினியா என்ற பிராணியின் படத்தைக் காட்டினார். ஐந்து கண், மூக்கிருக்க வேண்டிய இடத்தில் ஒரு தும்பிக்கை, அதன் நுனியில் இடுக்கி. அரங்கில் இருந்த அறிஞர் பெருமக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். பாவம், அதற்கும் ஐந்து கண்ணால் பார்த்துச் சிரிக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை.

ஹாலுசிஜீனியாவுக்கு நடந்தது இன்னும் கொடுமை. சுண்டுவிரல் அளவு ஜந்து. 1977-இல் கான்வே மோரிஸ் என்ற ஆய்வாளர் அதை ஏழு ஜோடி முட்களின் மேல் நிற்கவைத்தார். கால்களை முதுகில் ஆடும் உணர்கொம்புகள் என்று தீர்மானித்தார். 1991-இல் சீனப் புதைபடிவங்களை வைத்துக்கொண்டு புரட்டிப் போட்டார்கள்: முள் மேலே, கால் கீழே. அப்பாடா என்றால், 2015-இல் அடுத்த சேதி. தலை என்று நம்பிக்கொண்டிருந்த உருண்டை தலையே இல்லை; புதையும்போது உடம்பின் பின்பக்கத்திலிருந்து பிதுங்கிய திரவத்தின் கறை. நிஜத் தலை எதிர்முனையில், இரண்டு கண்ணும் வாய் நிறையப் பல்லுமாகக் கிடந்தது.

சரி, அந்நியப் பிராணிகள், போகட்டும். அங்கே நம் சொந்தக்காரர் ஒருவரும் உண்டு. பிகாயா. வால்காட் புழு என்று ஒதுக்கிவைத்த அதை, பின்னால் வந்தவர்கள் முதுகெலும்பிகளின் பங்காளி என்று வீட்டுக்கு அழைத்துவந்தார்கள். 2024-இல் மறுபடி உற்றுப் பார்த்துவிட்டு ஓர் ஆய்வுக்குழு சொல்கிறது: முதுகு என்று நினைத்தது வயிறாம்.