ஆணைக்கிணங்க மீறுகிறோம்

நடைபாதையை மறித்து நிற்கும் பேனரைக் கிட்டப் போய்ப் படித்துப் பாருங்கள். மேலே தலைவரின் தலை. நடுவே 'தலைவரின் ஆணைக்கிணங்க'. கீழே கும்பிட்டபடி ஸ்டாம்ப் சைஸ் முகங்கள். அதற்கும் கீழே அனுமதி எண்ணும் தேதியும் அச்சிட வேண்டும் என்கிறது விதி. அந்த இடத்தில் வட்டச் செயலாளரின் வெள்ளைச் செருப்புதான் தெரியும்.

என்ன ஒரு பணிவு! தலைவர் சொன்னால் முதுகு வளைகிறது. கோர்ட் சொன்னால் மட்டும் காது மந்தம்.

உயிரோடு இருப்பவர் படத்தோடு பேனர் கூடாது என்று 2017 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதமே கோவை அவிநாசி சாலையில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழாவுக்கு நட்ட அலங்கார வளைவருகே ஓர் இளைஞர் செத்தார். கொன்றது யார் என்று சாலையிலேயே எழுதிக் கேட்டார்கள். யாருக்கு உறைத்தது?

2019 செப்டம்பர், பள்ளிக்கரணை. ஆளுங்கட்சிப் பிரமுகர் வீட்டுக் கல்யாண பேனர் சரிந்தது. ஸ்கூட்டரில் வந்த 23 வயதுப் பெண் தண்ணீர் லாரிக்கு அடியில். இன்னும் எத்தனை லிட்டர் ரத்தம் வேண்டும் என்று நீதிபதிகள் கொதித்தார்கள். கட்சிகளுக்கு உடனே ஞானம் பிறந்தது. பேனர் வைக்க மாட்டோம் என்று தி.மு.க. பிரமாணப் பத்திரமே தாக்கல் செய்தது. மாதம்கூட முடியவில்லை, மோடியும் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரம் வருகிறார்கள், பேனர் வைக்க வேண்டும் என்று அரசே கோர்ட் படியேறியது. தடை கட்சிகளுக்குத்தான், அரசுக்கு அனுமதியே தேவையில்லை என்று பதில் வந்தது. செத்தவளுக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது.

2021 ஆகஸ்ட், விழுப்புரம். ஆட்சி மாறியிருந்தது. தி.மு.க. பிரமுகர் வீட்டுத் திருமணத்துக்குக் கொடி கட்டப் போன சிறுவன் மின்சாரம் தாக்கிச் செத்தான். வாக்கு மீறவில்லையே! சொன்னது பேனர். இது கொடிக்கம்பம்.

அதிகாரிகளும் சும்மா இல்லை. விழா முடிந்த மறுநாள் டானென்று லாரியோடு வருவார்கள். 'உத்தரவு நிறைவேற்றப்பட்டது' என்று கோப்பில் எழுத வேண்டுமே.

இத்தனை பேர் இருக்க, இந்த ஊர் அடங்காப்பிடாரி என்று பட்டம் கட்டியது யாருக்கு? டிராஃபிக் ராமசாமிக்கு. சட்டத்தை அமல்படுத்துங்கள் என்று வழக்குமேல் வழக்குப் போட்டவர். யாரும் அகற்றாத பேனரைத் தாமே போய்க் கிழித்தவர். கிறுக்கன் என்றார்கள். அடித்தார்கள். கைதும் செய்தார்கள். 2021 மே மாதம் 87 வயதில் போய்ச் சேர்ந்தார். வைத்தவன் விசுவாசி, கிழித்தவர் கலகக்காரர். அவரைப் பிடித்து ஜீப்பில் ஏற்ற மட்டும் எந்த உத்தரவும் தாமதமாகவில்லை.