ஷேலாவிலிருந்து தம்பி எழுதுவது

கெட்சல்தெனாங்கோ,
குவாத்தமாலா.

அன்புள்ள அண்ணனுக்கு,

போன் போட்டால் நீ "ஹலோ ஹலோ" என்று முடிப்பதற்குள் லைன் போய்விடுகிறது. அதனால் எழுதி அனுப்புகிறேன். அரூர் இறங்கும்போது எடுத்துப் பார்த்து, சித்தேரி வந்ததும் ஆயாவுக்குப் படித்துக் காட்டு.

"மெக்சிகோவில் வேலை பார்க்கிறவன் ஸ்பானிஷ் படிக்க எதற்கு இன்னொரு நாட்டுக்குப் போனான்?" என்று அண்ணி கேட்டதாகச் சொன்னாய். நியாயமான கேள்விதான். குவாதலஹாராவில் ஆபீஸ் முழுக்க இங்கிலீஷ். ரூமுக்கு வந்தால் திருச்சி, தென்காசி, ஓசூர் என்று நம்ம ஆட்கள். இராத்திரி சாம்பார், ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட். பத்து வருஷம் இருந்தாலும் "எவ்வளவு?", "இன்னும் கொஞ்சம் காரம்" என்ற இரண்டைத் தாண்டியிருக்க மாட்டேன். மேனேஜரே பார்த்து, லீவு கொடுத்து, பேசக் கற்றுக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்.

எங்கே போகலாம் என்று ஆபீசில் வாயைத் திறந்ததுதான் தாமதம், ஆளுக்கொரு நாடு சொன்னார்கள். ஸ்பெயின்காரர் சலமாங்காவைவிட்டு இறங்கவே இல்லை: 1218-ல் தொடங்கிய பல்கலைக்கழகம், 1492-ல் நெப்ரிஹா என்பவர் ஸ்பானிஷ் இலக்கணம் வெளியிட்ட ஊர். பல்கலைக்கழக முகப்புச் சிற்பத்தில் ஒரு மண்டையோட்டின்மேல் தவளை உட்கார்ந்திருக்கிறதாம். அதைக் கண்டுபிடிக்கிற மாணவன் பாஸ். தவளையைப் பார்த்தால் பாஸ் என்றால், மழைக்காலத்தில் நம் வாசலில் உட்கார்ந்தே நான் டாக்டர் பட்டம் வாங்கியிருப்பேன். கொலம்பியாக்காரருக்கு பொகோட்டா பேச்சுதான் தெளிவு. அர்ஜென்டினாப் பெண்ணுக்கு புவெனஸ் ஐரிஸ்தான் உலகம். அங்கே "யோ" என்பதை "ஷோ" என்பார்கள். சிலிக்காரர் மட்டும், "எங்க ஊருக்கு வந்துடாதே, நாங்க பேசுறது எங்களுக்கே புரியாது" என்றார். கூட்டத்தில் அவர் ஒருத்தர்தான் யோக்கியர்.

சுத்தமான பாஷை என்கிற இந்தப் பஞ்சாயத்து எனக்கென்ன புதுசா? அரூர் ஹாஸ்டலில் நான் பேசினால் மலைக்காரன் பேச்சு என்று சிரித்தார்கள். சிரித்தவன் சேலம் போனான், அங்கே அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அதனால் சுத்தத்தை ஓரங்கட்டிவிட்டு விலையைப் பார்த்தேன். ஸ்பெயின் அரசின் டெலே என்கிற ஸ்பானிஷ் மொழிப் பரீட்சையை எங்கே படித்தவனும் எழுதலாம். எந்த நாட்டு ஸ்பானிஷில் பதில் சொன்னாலும் மார்க் உண்டு.

அப்படி விலை பார்த்ததில் குவாத்தமாலாவில் கட்டணம் குறைவு. ஒரு வாத்தியாருக்கு ஒரே ஒரு மாணவன். கேட்க நன்றாக இருக்கிறதா? வந்து உட்கார்ந்து பார். முதல் பெஞ்சும் நான்தான், கடைசி பெஞ்சும் நான்தான். கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் பக்கத்துப் பையனைப் பார்க்கலாமென்றால் அங்கே சுவர்தான் இருக்கிறது.

இங்கே படிப்புக்குப் பேர்போனது ஆன்டிகுவா. 1773 பூகம்பம்வரை அதுதான் தலைநகரம். இப்போது வெளிநாட்டுக் கூட்டம் நெரிகிறது, மறுபடி இங்கிலீஷில் மாட்டிக்கொள்வாய் என்றார்கள். அதனால் மலையேறி இந்த ஊருக்கு வந்தேன். கெட்சல்தெனாங்கோ என்று பெயர், எல்லோரும் சொல்வது ஷேலா. 2,330 மீட்டர், ஊட்டியைவிட உயரம். பக்கத்திலேயே சாந்தா மரியா எரிமலை, 1902-ல் வெடித்தது. அதன் இடுப்பில் சாந்தியாகித்தோ என்று ஒரு குட்டி, 1922-லிருந்து புகைந்துகொண்டிருக்கிறது. இந்த வரியை அம்மாவுக்குப் படிக்காதே.

தங்கியிருப்பது ஒரு குடும்பத்தோடு. வீட்டுக்கார அம்மாவின் தாயாருக்குத் தாய்மொழி கிச்சே என்கிற மாயா மொழி. ஸ்பானிஷ், சந்தையில் காய் விற்றுப் பழகியது. நிறுத்தி நிதானமாகப் பேசுகிறார், நான் திக்கினாலும் அடுத்த சொல் வரும்வரை காத்திருக்கிறார். வாத்தியாரிடம் கற்றதைவிட அந்தப் பாட்டியின் அடுப்படியில் கற்றது அதிகம். ஆயாவிடம் இதைச் சொல்லு: வெற்றிலைக்குத் தடவுகிறோமே சுண்ணாம்பு, அதைப் போட்டுத்தான் மக்காச்சோளத்தை வேகவைக்கிறார்கள். தோல் கழன்று வருகிறது. கழுவி, அரைத்து, உள்ளங்கையில் தட்டித் தட்டி ரொட்டி. மூன்று வேளையும் அதுதான், கூடவே கறுப்பு பீன்ஸ்.

உலகத்திலேயே ஏலக்காய் அதிகம் ஏற்றுமதி செய்வது இந்த நாடு. அதில் பெரும்பகுதி அரபு நாடுகளுக்குப் போகிறது. இந்த வீட்டில் ஒரு காய்கூட இல்லை. வாங்கிவந்து டீ போட்டுக் கொடுத்தேன். பாட்டி முகர்ந்து பார்த்து, சோப்பு வாசனை என்று தள்ளிவைத்துவிட்டார். ஆனால் அண்ணா, புளியைக் கரைத்து, சர்க்கரை போட்டு, ஐஸோடு ஜூஸ் என்று குடிக்கிறார்கள்! முதல் நாள் ரசம் என்று நினைத்துச் சோறு கேட்டேன்.

நம்ம புளி இந்த வருஷம் கிலோ என்ன விலைக்குப் போனது? கொட்டை எடுத்தே கொடு, வியாபாரி அவசரப்படுத்தினால் மசியாதே. மரத்துக்கு ஆள் ஏற்றிய கூலிக்கு அடுத்த வாரம் பணம் போடுகிறேன்.

அன்புத் தம்பி