சிவகாசியிலிருந்து சி.க்யூ!

*ஹாம் ரேடியோ தேர்வு எழுத எத்தனை வயது ஆக வேண்டும்? என்ன படித்திருக்க வேண்டும்?*
– பிளஸ் ஒன் மாணவர், சாத்தூர்

12 வயது நிறைந்தால் போதும். உங்களுக்கு நாலைந்து வருஷம் கூடுதலாகவே ஆகிவிட்டது, இன்றே உட்காருங்கள். பட்டம் எதுவும் கேட்கமாட்டார்கள்.

ஆர்வத்துக்காக ரேடியோவில் பேசும் ஹாம்களுக்காக மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்தும் தேர்வு இது. ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலைகள். ரெஸ்ட்ரிக்டட்டில் மோர்ஸ் கிடையாது. வென்றவருக்குக் கிடைக்கும் கால் சைன், அதாவது வானலையில் அவருடைய அழைப்புப் பெயர், வி.யு.3 என்று தொடங்கும். ஜெனரல் என்றால் வி.யு.2. வி.யு. என்பது உலகம் முழுக்க இந்தியாவின் அடையாளம். கேள்வித்தாளில் ரேடியோ அடிப்படை ஒரு பகுதி, சட்டவிதிகள் ஒரு பகுதி. ரெஸ்ட்ரிக்டட்டுக்கு ஒவ்வொரு பகுதியிலும் 40 விழுக்காடு, மொத்தத்தில் 50 விழுக்காடு வாங்க வேண்டும். துறையின் சரல் சஞ்சார் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. ஆகவே, விண்ணப்பிக்கும் அன்று அந்தத் தளத்தில் என்ன இருக்கிறதோ அதையே நம்புங்கள்.

ஒன்றை மனதில் வையுங்கள். தேர்வில் பாஸானால் கிடைப்பது சான்றிதழ். நிலையம் நடத்த லைசென்ஸுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அது வரும்வரை மைக்கை அழுத்தக் கூடாது.

*பௌதிகம் என்றாலே எனக்குக் காய்ச்சல் வரும். என்னால் முடியுமா?*
– இல்லத்தரசி, அருப்புக்கோட்டை

முடியும். சட்டவிதிகளிலிருந்து தொடங்குங்கள், அதில் பௌதிகம் இல்லை. எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது, லாக் புக்கில் என்ன எழுத வேண்டும் என்பதுதான் அந்தப் பகுதி. வியாபாரப் பேச்சு கூடாது, பாட்டுப் போடக் கூடாது, ரகசியச் சங்கேதம் கூடாது, பொய்யாக அபாய அழைப்பு விடக் கூடாது. எதிர்முனையில் இருப்பவர் எவ்வளவு நெருங்கிய நண்பரானாலும் தீபாவளிப் பட்டாசு ஆர்டரை ஹாமில் எடுக்கக் கூடாது.

அந்தப் பகுதி கைவந்தபின் ஓம் விதிக்கு வாருங்கள். 12 வோல்ட் பேட்டரியில் 6 ஓம் தடையைக் கோத்தால் ஓடும் மின்னோட்டம் 2 ஆம்பியர். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் 24 வாட். மின்சார பில்லைச் சரிபார்க்கத் தெரிந்த உங்களுக்கு இந்தக் கணக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும்.

*நான் பேன்சி ரகப் பட்டாசு செய்யும் ஆலையில் போர்மேன். வண்ணம் எனக்குத் தெரியும், அலை தெரியாது. ரேடியோ அலை என்றால் என்ன?*
– சிவகாசி

பாதிப் பாடம் உங்கள் கையிலேயே இருக்கிறது. ஸ்ட்ரான்ஷியம் போட்டால் சிவப்பு, சோடியம் போட்டால் மஞ்சள், தாமிரம் போட்டால் நீலம். வானில் விரியும் அந்தச் சிவப்பும் மின்காந்த அலைதான், ரேடியோவும் மின்காந்த அலைதான். இரண்டும் விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகின்றன. வேறுபாடு நீளத்தில்தான். சிவப்பு ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஹாம்கள் பேசும் 7.1 மெகாஹெர்ட்ஸ் அலையோ சுமார் 42 மீட்டர். கண்டுபிடிக்கும் வழி: 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர் வரும். தேர்வில் இதிலிருந்து ஒரு கேள்வியை எதிர்பார்க்கலாம். 145ஆல் வகுத்துப் பாருங்கள், ‘2 மீட்டர் பேண்ட்’ என்ற பெயரின் காரணமும் விளங்கிவிடும்.

*எல்லார் கையிலும் செல்போன் இருக்கும்போது இது எதற்கு?*
– கல்லூரி மாணவி, விருதுநகர்

2004 டிசம்பரில் ஐதராபாத் நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆப் அமெச்சூர் ரேடியோவைச் சேர்ந்த பாரதி பிரசாத் ஒரு குழுவோடு போர்ட் பிளேருக்குப் போனார். அந்தமானிலிருந்து ஹாம் குரல் கேட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அதனால் வி.யு.4 என்று தொடங்கும் அழைப்பைப் பிடிக்க உலகெங்கும் ஹாம்கள் காத்துக்கிடந்தார்கள். அந்தக் கொண்டாட்டத்தின் நடுவில்தான் 26ஆம் தேதி காலை நிலம் ஆடியது, சுனாமி வந்தது, தொலைபேசிகள் ஊமையாயின. உலகத்தோடு அரட்டையடிக்க நிறுவிய அதே ஆன்டெனா அன்றிலிருந்து செய்தி கடத்தும் கம்பியானது. யார் உயிரோடு இருக்கிறார்கள், எங்கே என்ன தேவை என்ற தகவல்கள் தீவிலிருந்து பெருநிலத்துக்கு அந்த வழியே போயின. குழுவினர் கார் நிகோபாருக்கும் போய் நிலையம் வைத்தார்கள். முன்னே நின்று நடத்தியவர் ஒரு பெண் என்பதை, கேள்வி கேட்ட உங்களுக்காக அழுத்திச் சொல்கிறேன்.

நம் மாவட்டத்துக்கு வருவோம். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்து. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போன அந்த நாளை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. அப்படியொரு செய்தி பரவும் நிமிஷத்தில் ஊரே ஒரு செல் டவரைத் தேடி அழைக்கும். டவர் ஒரே நேரத்தில் இத்தனை அழைப்பைத்தான் தாங்கும் என்று ஒரு வரம்பு உண்டு. ஹாமுக்கு டவர் வேண்டாம். இரண்டு ரேடியோ, இரண்டு பேட்டரி, இரண்டு ஆன்டெனா, அவற்றை இயக்கத் தெரிந்த இரண்டு பேர் போதும். தீயணைப்பு வண்டிக்கும் 108க்கும் இது மாற்று ஆகாது. அவர்களுக்குச் சரியான தகவல் சீக்கிரம் போய்ச்சேர இன்னொரு வழி. வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசி, திருத்தங்கல் என்று ஊருக்கு நாலு பேராவது லைசென்ஸோடு இருக்க வேண்டும் என்பது என் ஆசை. இந்தப் பக்கத்தில் இதைத் திரும்பத் திரும்ப எழுதுவதும் அதற்காகத்தான்.

*அப்படியானால் வாக்கிடாக்கியை ஆலைக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாமா? அப்பா மருந்து அறையில் வேலை பார்க்கிறார்.*
– பாலிடெக்னிக் மாணவர், வெம்பக்கோட்டை

கூடாது, தம்பி. மருந்து கலக்கும் அறைக்கும் திரி இருக்கும் அறைக்கும் பக்கத்தில்கூடக் கூடாது. அப்பாவைக் கேளுங்கள், செல்போனையே வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். நைலான் சட்டை வேண்டாம், பருத்தி போடு என்று சொல்வதும் அதே காரணத்துக்காகத்தான். உடம்பில் சேரும் நிலைமின்சாரத்தின் ஒரு சிறு பொறி போதும்.

வாக்கிடாக்கியில் ஆபத்து இரண்டு வழியில் வரும். பேட்டரி முனையில் தளர்வு இருந்தால் பொறி தட்டலாம், கீழே விழுந்தாலும் தட்டலாம். அடுத்தது பலருக்குத் தெரியாதது. பெரிய வாணவேடிக்கைகளில் மின்சாரத்தால் பற்றவைக்கும் எலக்ட்ரிக் மேட்ச் பயன்படுத்துகிறார்கள். அதிலிருந்து நீளும் இரண்டு ஒயர்களும் ஆன்டெனா மாதிரியே ரேடியோ அலையை வாங்கிக்கொள்ளும். பக்கத்தில் நின்று மைக்கை அழுத்தினால் அந்த ஒயரில் மின்னோட்டம் பிறக்கும். வாட் கூடக் கூட, தூரம் குறையக் குறைய, அபாயம் ஏறும். வெடிபொருள் கையாளும் இடங்களில் டிரான்ஸ்மிட்டருக்குப் பாதுகாப்புத் தூரம் வகுத்திருப்பது இதனால்தான்.

உங்கள் ரேடியோ வீட்டில் இருக்கட்டும், பஞ்சாயத்து அலுவலகத்தில் இருக்கட்டும், பள்ளிக்கூடத்தில் இருக்கட்டும். ஆலை காம்பவுண்டுக்குள் என்ன வரலாம் என்பதை வெடிபொருள் துறையும் ஆலையின் பாதுகாப்புப் பொறுப்பாளரும்தான் முடிவு செய்ய வேண்டும்.

*ஆன்லைனில் வாக்கிடாக்கி மலிவாக வருகிறதே, வாங்கிப் பழகிக்கொண்டே படிக்கலாமா?*
– ஜவுளிக்கடை ஊழியர், ராஜபாளையம்

ஹாம் அலைவரிசையில் லைசென்ஸ் இல்லாமல் பேசுவது குற்றம். இப்படிக் கட்டுப்பாடில்லாமல் விற்பதைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல் வழிகாட்டு நெறிகளே கொண்டுவந்தது. பழக வேண்டுமானால் காதால் பழகுங்கள். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் வெப் எஸ்.டி.ஆர். என்ற ரிசீவரை இணையத்தில் எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறது. அதில் 7 மெகாஹெர்ட்ஸுக்குப் போங்கள். முதலில் வாத்து கத்துவதுபோல் கேட்கும். முள்ளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் ஓரிடத்தில் மனிதக் குரலாகிவிடும். எஸ்.எஸ்.பி. என்று பாடத்தில் வருவது அதுதான்.

*அந்தக் காலத்தில் இலங்கை வானொலி எங்கள் வீட்டில் ராத்திரி கணீரென்று கேட்கும், பகலில் மங்கிப்போகும். ஏன் அப்படி?*
– ஓய்வுபெற்ற மில் தொழிலாளி, ராஜபாளையம்

ஐயா, நீங்கள் கேட்டது தேர்வின் அருமையான கேள்விகளில் ஒன்று. தலைக்குமேல் ஏறத்தாழ 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், வெயில் இருக்கும்வரை ‘டி’ என்றொரு அடுக்கு இருக்கும். மீடியம் வேவ் அலை மேலே போகும்போது அது விழுங்கிவிடும். சூரியன் சாய்ந்ததும் ‘டி’ கலைந்துபோகும். அப்புறம் அலை இன்னும் உயரே ‘எப்’ அடுக்கு வரை போய், வளைந்து, கடல் தாண்டி உங்கள் வீட்டு மர்பி ரேடியோவுக்குள் இறங்கும். 7 மெகாஹெர்ட்ஸிலும் இதே கதைதான். பகலில் சென்னை, பெங்களூரு. ராத்திரி ஆனால் கண்டம் தாண்டும்.

இந்த அடுக்குகளைப் படிக்க நம்மைவிட நல்ல இடத்தில் இருப்பவர்கள் குறைவு. பூமியின் காந்த நடுக்கோடு தென்கோடி இந்தியாவை ஒட்டிப் போகிறது. தும்பாவில் ராக்கெட் தளம் வைத்து 1963 நவம்பர் 21இல் முதல் ராக்கெட்டை ஏவியது அதற்காகத்தான். திருநெல்வேலி பக்கத்துக் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும் அதற்காகத்தான். சூரியக் கரும்புள்ளிகள் கூடினால் உயர் அலைவரிசைகள் வெகுதூரம் திறக்கும், குறைந்தால் மூடிக்கொள்ளும். சுமார் 11 ஆண்டுச் சுற்று. அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் கொடைக்கானல் சூரிய ஆய்வகம், உங்கள் மலைத்தொடரில் கொஞ்சம் வடக்கே போனால் வந்துவிடும்.

*என் வீட்டு மொட்டை மாடி 30 அடிதான். 40 மீட்டர் பேண்டுக்கு ஆன்டெனா கட்ட முடியுமா?*
– எலக்ட்ரீஷியன், திருத்தங்கல்

143 என்பது அரை அலைக் கம்பிக்கான கணக்கு எண். அதை 7.1ஆல் வகுத்தால் சுமார் 20 மீட்டர். அரை அலை டைபோலின் முழு நீளம் அது. நடுவில் வெட்டினால் பக்கத்துக்கு 10 மீட்டர் செம்புக் கம்பி. நேராகக் கட்ட இடமில்லை என்றால் மாடி நடுவில் ஒரு குழாயை நிறுத்தி, உச்சியிலிருந்து இரு கைகளையும் சரிவாக இறக்குங்கள். தலைகீழ் ‘வி’ வடிவம் நன்றாகவே வேலை செய்யும். கம்பியைக் கணக்கைவிட ஒரு சாண் நீளமாக வெட்டி, ஆன்டெனாவின் பொருத்தத்தைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் பார்த்து நறுக்கிக்கொண்டே வாருங்கள். நறுக்கியதை ஒட்டவைப்பது சிரமம். ஆன்டெனாவோ மின்வாரியக் கம்பியோ விழுந்தாலும் ஒன்றையொன்று தொடாத தூரம் கட்டாயம் வேண்டும்.

*இடி மின்னலுக்கு?*
– அதே எலக்ட்ரீஷியனின் மனைவி

வீட்டின் மிக முக்கியமான கேள்வியை நீங்கள் கேட்டுவிட்டீர்கள். சித்திரைக் கோடை மழையும் ஐப்பசி மழையும் இங்கே இடியோடுதான் வரும். மேகம் திரளும்போதே கோ-ஆக்ஸ் கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். இடி கேட்க ஆரம்பித்துவிட்டால் கேபிளைத் தொடப் போகக் கூடாது, செட் போனால் போகட்டும். எர்த் விஷயத்தில் கரிசல் மண் நமக்கு வரம். ஈரம் இருந்தால் மின்சாரத்தை நன்றாக வாங்கும். ஆனால் கோடையில் வெடித்துப் பிளந்து எர்த் ராடை விட்டு விலகி நிற்கும். ராடை ஆழமாக இறக்குங்கள், கோடையில் அந்த இடத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.

*பட்டாசு வெடித்தால் ரேடியோவில் இரைச்சல் வருமா?*
– பள்ளி ஆசிரியை, சிவகாசி

வெடிச் சத்தம் காதுக்குத்தான். ரேடியோவை வதைப்பவை மட்டமான எல்.இ.டி. விளக்கு, மலிவான சார்ஜர், போஸ்ட்டில் தளர்ந்த இன்சுலேட்டர், சில நேரம் அச்சகத்து மோட்டார் டிரைவ். மனிதர் உண்டாக்கும் இரைச்சலுக்குக் க்யூ.ஆர்.எம்., மின்னல் போன்ற இயற்கை இரைச்சலுக்குக் க்யூ.ஆர்.என். தேர்வில் இந்த இரண்டையும் மாற்றிக் கேட்டுப் பார்ப்பார்கள்.

*தந்தியே 2013இல் நின்றுபோனது. மோர்ஸ் இன்னும் எதற்கு?*
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், ஸ்ரீவில்லிபுத்தூர்

பேச்சு புரியாத இரைச்சலிலும் மோர்ஸ் ஊடுருவும் என்பதற்காக. ஜெனரல் நிலைக்கு நிமிஷத்துக்கு 8 சொல் வேகம் கேட்கிறார்கள். அந்த வேகத்தில் ஒரு புள்ளி 0.15 விநாடி, கோடு அதன் மூன்று மடங்கு. புள்ளி, கோடு என்று தாளில் எழுதி மனப்பாடம் செய்ய வேண்டாம் என்று இளையவர்களுக்குச் சொல்லுங்கள். ‘டிட்-டா’ என்று காதில் ஏற்றினால்தான் வேகம் வரும். உங்கள் விரல் இன்னும் மறந்திருக்காது. தெருப் பிள்ளைகள் நாலு பேருக்குச் சாயங்காலம் சொல்லிக்கொடுங்களேன்.

*விண்வெளியோடு பேசலாமாமே?*
– எட்டாம் வகுப்பு மாணவி, ஸ்ரீவில்லிபுத்தூர்

பேசலாம். 2005 மே 5இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி6 ராக்கெட், ஹாம்களுக்கென்றே ‘ஹாம்சாட்’ என்ற செயற்கைக்கோளைக் கொண்டுபோனது. 2014 வரை உலக ஹாம்கள் அதன் வழியே பேசினார்கள். இன்று சர்வதேச விண்வெளி நிலையத்திலும் ஹாம் ரேடியோ இருக்கிறது, 145.800 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும். அது உங்கள் ஊர் வானைக் கடக்கும் சில நிமிஷம் ஆண்டாள் கோயில் கோபுரத்துக்கு மேலே பார்த்துக்கொண்டே கேட்கலாம். கேட்பதோடு நிற்காமல் பேசவும் வேண்டும் என்றால், முதல் பதிலில் சொன்ன 12 வயதைப் பாருங்கள்.

*தொடர்புக்குச் சாட்சியாக ஹாம்கள் அனுப்பிக்கொள்ளும் க்யூ.எஸ்.எல். அட்டையை நம் ஊரிலேயே அடிக்கலாமா?*
– ஆப்செட் அச்சகத் தொழிலாளி, சிவகாசி

நாடு முழுக்கக் காலண்டர் அடித்துக்கொடுக்கும் ஊர் இதை அடிக்காமல் வேறு எந்த ஊர் அடிக்கும்! 14 செ.மீ.க்கு 9 செ.மீ. அளவில் வைத்துக்கொண்டால் எல்லா நாட்டிலும் அட்டைகளை வாங்கிப் பிரித்தனுப்பும் க்யூ.எஸ்.எல். பீரோக்களிலும் சிக்கலின்றிப் போகும். முன்பக்கம் கால் சைன் பெரிதாக, உங்கள் பூவாணம் பின்னணியாக. பின்பக்கம் எதிராளியின் கால் சைன், தேதி, நேரம், அலைவரிசை, பேசிய முறை, குரல் எவ்வளவு தெளிவு என்ற குறிப்பு, இவற்றுக்குக் கட்டம். நேரக் கட்டத்தில் உலகப் பொது நேரத்தைக் குறிக்கும் யு.டி.சி. என்று அச்சடிக்க மறக்காதீர்கள். நம் நேரத்தில் ஐந்தரை மணியைக் கழித்து எழுத வேண்டும். ராத்திரி 9 மணிக்குப் பேசினால் 15.30. விடியற்காலை 4 மணிக்குப் பேசினால் 22.30, தேதியும் ஒருநாள் பின்னே போகும்.