வண்டி ரிப்பேருங்களா, மாமா?

ஐம்பதை நெருங்கும் ஒரு மனிதர் விடியற்காலையில் ரோட்டில் ஓடினால், வெள்ளகோவிலுக்குத் தெரிந்த காரணங்கள் மூன்றுதான். பஸ் போய்விட்டது, மாடு அவிழ்த்துக்கொண்டது, யாருக்கோ உடம்பு முடியவில்லை. நான்காவதாக ஒன்று உண்டென்று ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவர் எண்ணெய் மில் மாமா. காங்கேயத்திலும் தாராபுரத்திலும் பல்லடத்திலும் இப்போது ஊருக்கு நாலு பேர் இவரைப் போல ஓடுகிறார்கள். எல்லாரும் ஒரே வார்ப்பு. ஒருவரைச் சொன்னால் போதும்.

எண்ணெய் மில் மாமாக்களின் ஓட்டம் ரோட்டில் தொடங்குவதில்லை, லேப் ரிப்போர்ட்டில் தொடங்குகிறது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஒன்பதைத் தாண்டியிருக்கும். டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பார். வெறும் நடை நம் மாமாவின் அந்தஸ்துக்குக் குறைவு. நடப்பதைத்தான் எல்லாரும் செய்கிறார்களே. இந்த நேரம் பார்த்து, சர்க்கரை நோயும் விபத்தில் அடிபட்ட காலுமாக, ஐம்பது வயதுக்கு மேல் ஓடத் தொடங்கி, நூற்றுக்கு மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்த மா.சுப்பிரமணியனின் பேட்டி கண்ணில் பட்டது. 2023 நவம்பரில், சுகாதார அமைச்சராக இருந்த அதே மனிதர் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தையும் கொண்டுவந்தார். “மந்திரியே ஓடறாரு, நமக்கென்ன கேடு?” என்றார் மாமா.

அடுத்தது கொள்முதல். திருப்பூர் மாவட்டத்தில் எந்தக் குடும்பத்துக்கும் பனியன் கம்பெனியில் ஓர் ஒறம்பரை இருக்கும். ஏற்றுமதிக்குப் போகாமல் நின்றுபோன வியர்வை உறிஞ்சும் டீசர்ட்டுகள் ஒரு டஜன் வந்து இறங்கின. நெஞ்சில் ஏதோ ஐரோப்பிய நகரத்து மாரத்தானின் பெயர். பெருமாநல்லூரைத் தாண்டிப் போகாதவர் அதைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார். ஷூ, கைக்கடிகாரம், இடுப்பில் தண்ணி பாட்டில் செருகும் பெல்ட் என்று எல்லாம் வந்து சேர்ந்தும், ஓட்டம் மட்டும் பாக்கி இருந்தது.

அதுவும் ஒரு நாள் தொடங்கியது. நெடுந்தூர ஓட்டக்காரனுக்கு எதிரி முழங்கால், வெயில், நாய் என்று எழுதுகிறார்கள். கொங்கு நாட்டில் இவை எதுவுமில்லை, மரியாதைதான் எதிரி. மூலனூர் ரோட்டில் அரை கிலோமீட்டர் போவதற்குள் பால் கேனோடு ஒரு டி.வி.எஸ். பக்கத்தில் வந்து மெதுவானது.

“ஏனுங் மாமா, வண்டி ரிப்பேருங்களா? ஏறுங், உட்டர்றேன்.”

“இல்ல மாப்ள, ஓடறேன்.”

“அது தெரியுதுங். எங்கீங்க?”

“எங்கியும் இல்ல. அந்த வேப்பமரம் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரோணும்.”

“திரும்பி வர்றதுக்கு எதுக்குங் போறீங்க?”

பதில் சொல்ல மூச்சு இல்லை. ஏறிக்கொண்டார். அந்த வாரம் முழுக்க அவர் கடந்த தூரத்தில் பாதிக்கு மேல் பால் வண்டியின் கணக்கு.

முதல் மாத முடிவில் எடை ஒரு கிலோ கூடியிருந்தது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஒரு கிலோமீட்டர் ஓடினால், உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். 82 கிலோ மாமா 5 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 410 கலோரி. வீட்டுக்கு வந்து, “இன்னைக்கு ஓடிட்டேனல்லோ” என்று உட்கார்ந்தால் நாலு இட்லி, ரெண்டு நெய் தோசை, கடலைச் சட்னி, மேற்கொண்டு ஒரு கச்சாயம். அத்தை ஒரே வரியில் கணக்கை முடித்தார்: “நீங்க ஓடற ஓட்டத்துக்கு நம்ம மில்லு எண்ணெய் பத்தாதுங்.”

இரண்டாம் மாதம் வேகத்தைக் கூட்டி, கணுக்காலுக்கு மேல் முன்னெலும்பில் வலி கண்டு, இரண்டு வாரம் கட்டிலில் கிடந்தார். அப்போதுதான் ஜெஃப் காலவேயைப் படித்தார். 1972 ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கர். கொஞ்சம் ஓடு, கொஞ்சம் நட, மறுபடி ஓடு என்பதையே ஒரு முறையாக ஆக்கியவர். இது மாமாவுக்குப் பிடித்துப்போனது. நடப்பது தோல்வியல்ல, திட்டத்தில் உள்ளது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? ஓடும்போது முழு வாக்கியம் பேச முடிந்தால் அதுவே சரியான வேகம் என்றும் ஒரு விதி உண்டு. நம்மவரை ஓடவைக்க அந்த ஒரு விதி போதும்.

பலர் இந்த இடத்தில் ஷூவைப் பரணில் போடுகிறார்கள். மாமா போடவில்லை. மனவுறுதி என்று அவர் சொல்கிறார், நான் நம்பவில்லை. ஒரு நாள் மழையென்று படுத்துவிட்டார். எட்டு மணிக்குள் பால்காரர் வாசலில்: “மாமனுக்கு என்னாச்சுங்? ரோட்டுல காணமே.” ஒன்பதுக்குத் தறிப்பட்டறைக்காரர் போன். பத்துக்குச் சாத்துக்குடியோடு இரண்டு பேர். மதியத்துக்குள் மாமாவுக்கு நெஞ்சுவலி என்று முத்தூர் வரை செய்தி போய்விட்டது. மறுநாள் தூறலிலும் ஓடினார். சிரித்த ஊரே வருகைப் பதிவேட்டையும் வைத்துக்கொண்டது.

பிறகு கோயம்புத்தூர் மாரத்தான். 2013-இல் தொடங்கி, புற்றுநோய் அறக்கட்டளைக்கு நிதி திரட்ட நடப்பது. மாமா 21 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்தார். டீக்கடையில் அதை விளக்கினார்: “இங்கிருந்து காங்கேயம் போற தூரம்.”

“அப்ப முழு மாரத்தானுங்?”

“காங்கேயம் போயிட்டுத் திரும்பி வர்ற மாதிரி. 42 கிலோமீட்டரு.”

“போறது சரிங். திரும்பி வர்றதுக்குப் பஸ்ஸு இல்லீங்களா?”

பணம் கட்டித்தான் ஓட வேண்டும் என்றதும் கடையே அமைதியானது. தறி ஓட்டும் ஒருவர் டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: “நைட் ஷிப்டுல தறிக்கும் தறிக்கும் நடக்கறதுக்குச் சம்பளமே குடுக்கறாங்க, வாங்.” மாமாவிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. இந்தப் பக்கம் உண்மையில் நெடுந்தூரம் போகிறவர்கள் ஷூ வாங்கியதே கிடையாது.

கடைசிக் கூட்டத்தோடு ஓடி முடித்தார். மெடலோடு வந்தவரிடம் ஊர் கேட்டது ஒன்றுதான்: “எத்தனாவதுங்?” ஓடி முடித்த எல்லாருக்கும் மெடல் உண்டென்று சொன்னதும் அதன் மதிப்பு பாதியானது.

ஆனால் ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. மூன்று மாதச் சர்க்கரை ஏழுக்குக் கீழே இறங்கியது. டாக்டரே ஒரு மாத்திரையைக் குறைத்தார். வேலை செய்யும் தசை, இன்சுலினுக்காகக் காத்திராமலும் ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். இது உடலியல் பாடம். எனக்கு எப்படித் தெரியும் என்றால், மூன்று கல்யாணப் பந்தியில் மாமா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இலையில் ஒப்புட்டு விழும்போதெல்லாம் இந்தப் பாடம் நடக்கும். நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை என்று 2023-இல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னதே, அத்தனை பேருக்கும் தனித்தனியாகச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தவர் போலிருக்கிறார். பாடம் முடிந்ததும் தன் இலையிலிருக்கும் ஒப்புட்டைப் பக்கத்து இலைக்குத் தள்ளுவார். பக்கத்து இலை பெரும்பாலும் என்னுடையது.

ஆகவே, விடியற்காலையில் மூலனூர் ரோட்டில் காரில் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நெஞ்சில் ஐரோப்பிய நகரத்தின் பெயரோடு ஒருவர் ஓடிக்கொண்டிருந்தால், பாவம் என்று நிறுத்தி ஏறச் சொல்லாதீர்கள். இப்போது அவர் ஏறமாட்டார். உங்களை இறங்கச் சொல்லுவார்.